பணிமாற்றத்தில் நோயாளியைத் தவறவிடாமல் இருக்க: மருத்துவர்களுக்கான ஒப்படைப்பு மென்பொருளை நிறுவும் வழிகாட்டி

இரவுப் பணிக்கு வந்த என்னிடம் மாலைப் பணி மருத்துவர் மடித்த தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டுச் சென்றார். அதில் "14: இரவு 10 மணிக்குப் பொட்டாசியம் மறுபடியும் பார்க்கவும்" என்று எழுதியிருந்தது. சொன்ன நேரத்தில் 14ஆம் படுக்கையில் இருந்தவரிடம் இரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். முடிவு இயல்பாக வந்ததால் நிம்மதியோடு அடுத்த நோயாளியிடம் போனேன். அந்தத் தாளை எழுதிய பிறகு, மாலை 6 மணியளவில், சிறுநீரகக் கோளாறுள்ள நோயாளியை 9ஆம் படுக்கைக்கு மாற்றிவிட்டுப் புதிதாக வந்த ஒருவரை 14இல் சேர்த்திருந்தார்கள் என்பது விடியற்காலை 5 மணிக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அப்போது 9ஆம் படுக்கையில் இருந்தவரின் பொட்டாசியம் 6.4, உயிருக்கே ஆபத்தான அளவு. உடனே சிகிச்சை தொடங்கியதால் அவர் பிழைத்தார். தாளில் பெயர் இல்லை. பெயர் என்ன என்று நானும் கேட்கவில்லை.

வார்டில் நாம் 'ஹேண்ட் ஓவர்' என்று சொல்லும் இந்த ஒப்படைப்பை மென்பொருளின் துணையோடு ஒழுங்குபடுத்தும் பொறுப்பை அதன் பிறகு நான் ஏற்றுக்கொண்டேன். முதல் முயற்சி மூன்றே வாரத்தில் நின்றுபோயிற்று. இரண்டாவது முயற்சி, முதல் நாள் கவனிப்பிலிருந்து எல்லா வார்டுகளுக்கும் பரவும் வரை, ஒன்பது மாதம் எடுத்தது. அதில் பாதிக் காலம், முன்பே யாராவது சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும். உங்கள் துறையில் இதைத் தொடங்க நினைக்கும் மருத்துவராக நீங்கள் இருந்தால், கீழே உள்ள வரிசையிலேயே செல்லுங்கள். வரிசையை மாற்றியதுதான் நாங்கள் செய்த முதல் தவறு.

1. மென்பொருளைத் தேடும் முன் இரண்டு வாரம் நின்று பாருங்கள்

எந்த விற்பனையாளரையும் அழைப்பதற்கு முன், காலையும் மாலையும் ஒப்படைப்பு நடக்கும் இடத்தில் போய் நில்லுங்கள். ஒரு குறிப்பேட்டில் ஐந்து விஷயங்களை மட்டும் எழுதுங்கள்: எத்தனை நோயாளிகள், மொத்தம் எத்தனை நிமிடம், எத்தனை முறை தொலைபேசியோ வேறு ஆளோ குறுக்கிட்டது, வரவேண்டிய பரிசோதனை முடிவுகள் சொல்லப்பட்டனவா, ஏற்றுக்கொண்டவர் கேட்டதைத் திருப்பிச் சொன்னாரா. பத்து ஒப்படைப்புகளையாவது இப்படிப் பதிவு செய்தால்தான், ஆறு மாதம் கழித்து நிர்வாகம் "என்ன மாறியது?" என்று கேட்கும்போது உங்களிடம் பதில் இருக்கும்.

இந்தக் கவனிப்பில் இன்னொரு பயனும் உண்டு. குறை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். எங்கள் வார்டில் தகவல் எழுதப்படாமல் இல்லை; ஒரே நோயாளியைப் பற்றி வெள்ளைப் பலகையில் ஒன்றும், கேஸ் ஷீட்டில் ஒன்றும், மருத்துவரின் சட்டைப்பையில் இருந்த தாளில் ஒன்றுமாக மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. உங்கள் வார்டில் ஒப்படைப்பு நேரமே ஒதுக்கப்படாமல், போகிறவர் கிளம்பிய பிறகு வருகிறவர் வருவதுதான் குறை என்றால், அதைப் பணி அட்டவணையில் சரிசெய்ய வேண்டும். எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

2. எதைச் சொல்ல வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இந்தப் படியில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். திரையில் என்னென்ன கட்டங்கள் இருக்க வேண்டும் என்று விற்பனையாளர் கேட்பதற்கு முன்பே, ஒரு நோயாளியை ஒப்படைக்கும்போது எதை, எந்த வரிசையில் சொல்வது என்பதில் துறையின் மூத்த மருத்துவர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும்.

புதிதாக ஒரு முறையை நீங்களே கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. 'ஐ-பாஸ்' எனப்படும் ஐந்து பகுதி வரிசை பரவலாகப் பயன்பாட்டில் உள்ளது: நோயின் தீவிரம், நோயாளி பற்றிய சுருக்கம், செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல், என்ன நேரலாம் என்பதும் நேர்ந்தால் என்ன செய்வது என்பதுமான முன்யோசனை, கடைசியாக ஏற்பவர் தாம் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்வது. வட அமெரிக்காவில் 9 மருத்துவமனைகளின் குழந்தைகள் நலப் பிரிவுகளில் இந்த முறையைக் கொண்டுவந்து ஆய்ந்து, 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 10,740 உள்நோயாளிச் சேர்க்கைகளைக் கணக்கில் எடுத்த அந்த ஆய்வில் மருத்துவப் பிழைகள் 23 சதவீதமும், தடுத்திருக்கக்கூடிய தீங்குகள் 30 சதவீதமும் குறைந்தன. ஒரு நோயாளிக்கு ஆகும் ஒப்படைப்பு நேரம் ஏறத்தாழ இரண்டரை நிமிடம் என்ற முந்தைய அளவிலேயே இருந்தது. "இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று கேட்பவர்களுக்கு இந்தக் கடைசிச் செய்தியைத் தவறாமல் சொல்லுங்கள். அதே சமயம், அங்கே நடந்தது வெறும் படிவ மாற்றம் மட்டும் அல்ல. பயிலரங்கு, ஒத்திகை, மூத்தவர்கள் நேரில் கவனித்துத் திருத்துவது எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பலன் கிடைத்தது என்பதையும் மறைக்காதீர்கள்.

மற்றொரு புகழ்பெற்ற வரிசை 'எஸ்-பார்': நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. ஒரு நோயாளியைப் பற்றி அவசரமாகத் தொலைபேசியில் பேசுவதற்கு அது மிகப் பொருத்தம். இருபது நோயாளிகளை ஒருசேர ஒப்படைக்கும் மாலை நேரத்துக்கு ஐ-பாஸ் வரிசையே வசதியானது என்பது என் அனுபவம். ஏனென்றால் அதில் தீவிரம் முதலில் வருகிறது. மிக மோசமான நிலையில் உள்ளவரைப் பற்றி, கேட்பவரின் கவனம் புதிதாக இருக்கும்போதே பேசிவிடலாம்.

ஒரே நோயாளியைப் பற்றிய இரண்டு குறிப்புகளைப் பாருங்கள். பழைய தாளில் இருந்தது இது: "62 வயது ஆண், நிமோனியா, பரவாயில்லை, பார்த்துக்கொள்ளவும்."

அதையே ஐந்து பகுதியில் எழுதினால்: "தீவிரம்: கண்காணிக்க வேண்டியவர். சுருக்கம்: 62 வயது ஆண், நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக் தொடங்கி 2 நாள், இன்று மாலை ஆக்ஸிஜன் தேவை நிமிடத்துக்கு 2 லிட்டரிலிருந்து 4 லிட்டராக உயர்ந்தது, பெனிசிலின் ஒவ்வாமை உண்டு. வேலை: இரவு 9 மணிக்கு மார்பு எக்ஸ்ரேயைப் பார்க்கவும்; 12 மணிக்கு ஒருமுறை நேரில் பார்க்கவும். முன்யோசனை: 4 லிட்டர் கொடுத்தும் ஆக்ஸிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவரை உடனே அழைக்கவும், தீவிர சிகிச்சைக்குக் குடும்பத்தார் சம்மதித்துள்ளனர்." ஐந்தாவது பகுதி எழுதப்படுவதில்லை, அதை ஏற்பவர் வாயால் சொல்ல வேண்டும்.

'பார்த்துக்கொள்ளவும்' என்ற சொல் எங்கள் பழைய தாள்களில் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது, எந்த அளவைத் தாண்டினால் யாரிடம் சொல்வது என்ற மூன்றையும் அந்தச் சொல் விழுங்கிவிடுகிறது. உங்கள் துறையில் அந்தச் சொல்லுக்குத் தடை போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

3. பொறுப்பாளர்களைப் பெயர் சொல்லி நியமியுங்கள்

நான்கு பேர் போதும்: துறையில் மதிப்புள்ள ஒரு மூத்த மருத்துவர், அன்றாடம் ஒப்படைப்பு செய்கிற ஓர் இளநிலை மருத்துவர், வார்டுப் பொறுப்புச் செவிலியர், கணினிப் பிரிவிலிருந்து ஒருவர். 'கணினிப் பிரிவு' என்று பொதுவாக எழுதாமல், அவர் இன்னார் என்று எழுதுங்கள். இளநிலை மருத்துவர் இல்லாத குழு தயாரிக்கும் திரையை இளநிலை மருத்துவர்கள் பயன்படுத்த மாட்டார்கள்.

4. எந்த வகைக் கருவி என்று தேர்ந்தெடுங்கள்

உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கும். மருத்துவமனையில் ஏற்கெனவே மின்னணு நோயாளிப் பதிவேடு இருந்தால், அதிலேயே ஒப்படைப்புக்கான பகுதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பல பதிவேடுகளில் அது இருந்தும் யாரும் இயக்கி வைத்திருக்க மாட்டார்கள். அது கொஞ்சம் அழகு குறைந்ததாக இருந்தாலும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் பெயர், படுக்கை, ஒவ்வாமை, மருந்து, ஆய்வக முடிவு எல்லாம் அங்கேயே இருப்பதால், மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதில்லை, படியெடுப்பதில் பிழை வராது.

இரண்டாவது வழி, ஒப்படைப்புக்கென்றே தயாரிக்கப்பட்ட தனிச் செயலி. கைபேசியில் நன்றாக வேலை செய்யும், விரைவாகத் தொடங்கலாம். ஆனால் அது உங்கள் பதிவேட்டோடு பேசவில்லை என்றால், மருத்துவர் ஒரே தகவலை இரண்டு இடத்தில் எழுத வேண்டியிருக்கும். இரண்டு இடத்தில் எழுதப்படும் தகவல் ஒரு வாரத்துக்குள் இரண்டு விதமாக மாறிவிடும்.

மூன்றாவது, மருத்துவமனையின் உள்வலையமைப்பில் வைக்கப்படும் பகிர்வு விரிதாள். பணம் இல்லாத இடத்தில், கடவுச்சொல், அணுகல் கட்டுப்பாடு, யார் எப்போது திருத்தினார் என்ற பதிவு ஆகிய மூன்றும் இருந்தால், சோதனைக் காலத்துக்கு இது தாராளமாகப் போதும். நாங்கள் இரண்டாவது முயற்சியை இப்படித்தான் தொடங்கினோம். உள்ளடக்கம் கைப்பழக்கமான பிறகு கருவியை மாற்றுவது எளிது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாட்ஸ்அப் குழுவை நான்காவது வழியாக யாராவது முன்மொழிவார்கள். வசதியானதுதான், எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் நோயாளியின் பெயரும் நோயும் ஒவ்வொருவரின் சொந்தக் கைபேசியிலும் தங்கிவிடும். வேலையை விட்டுப் போனவரின் கைபேசியில் இருக்கும் பழைய செய்திகளையும் படங்களையும் உங்களால் திரும்பப் பெற முடியாது. எந்தச் செய்தி கடைசியானது, யார் பொறுப்பேற்றார் என்பது நூறு செய்திகளுக்கு நடுவில் காணாமல் போய்விடும். வேண்டாம்.

5. ஆவணங்களை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்

எங்களுக்கு மூன்று மாதம் வீணானது இந்தப் படியில்தான். மென்பொருள் தயாராக இருந்தது. கையெழுத்து இல்லாததால் இயக்க முடியவில்லை. இரண்டாம் படியைத் தொடங்கும் அதே வாரத்தில் கீழே உள்ள ஆவணங்களுக்கான வேலையையும் தொடங்கிவிடுங்கள்.

முதலாவது, நிர்வாகத்துக்கான இரண்டு பக்கக் குறிப்பு. உங்கள் பத்து கவனிப்புகளின் எண்ணிக்கை, மேலே சொன்ன 2014 ஆய்வின் முடிவு, வேண்டிய பணம், வேண்டிய மருத்துவர் நேரம் ஆகியவை அதில் இருந்தால் போதும். ஒப்படைப்பின்போது நடக்கும் தகவல் பரிமாற்றத்தை உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஒன்பது நோயாளிப் பாதுகாப்புத் தீர்வுகளில் ஒன்றாகச் சேர்த்தது என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். உங்கள் மருத்துவமனை தரச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் எண்ணத்தில் இருந்தால், சான்றளிப்பவர்கள் ஒப்படைப்பைப் பற்றிக் கேட்பார்கள் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். அந்த இழையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஒப்படைப்புக் குறிப்பு நோயாளியின் நிரந்தரப் பதிவின் பகுதியா, அல்லது வேலைக்கான தற்காலிகத் தாளா என்பதைப் பற்றிய எழுத்துபூர்வமான முடிவு. இதைப் பதிவேட்டுத் துறையும் சட்ட ஆலோசகரும் சேர்ந்து எடுக்க வேண்டும். எத்தனை காலம் சேமிக்க வேண்டும், நோயாளி கேட்டால் கொடுக்க வேண்டுமா, வழக்கு வந்தால் முன்வைக்க வேண்டுமா என்ற மூன்று கேள்விகளும் இதையே சார்ந்திருக்கின்றன. முடிவு செய்யாமல் தொடங்கினால், பயந்த மருத்துவர்கள் மனதில் இருப்பதை எழுத மாட்டார்கள். 'எனக்கு இவரைப் பற்றிச் சந்தேகமாக இருக்கிறது' என்ற வரிதான் இரவு மருத்துவருக்கு மிகவும் தேவைப்படுவது. அந்த வரிதான் முதலில் காணாமல் போகும்.

மூன்றாவது, விற்பனையாளரோடு தரவுப் பாதுகாப்பு ஒப்பந்தம். தரவு எந்த நாட்டில், யாருடைய சர்வரில் இருக்கும், யாருக்குத் தெரியும், கசிந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் உங்களுக்குச் சொல்வார்கள், ஒப்பந்தம் முடிந்தால் தரவை எந்த வடிவில் திருப்பித் தருவார்கள் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை.

நான்காவது, அணுகல் பட்டியல். மருத்துவர், செவிலியர், மாணவர் என்று பொறுப்புக்கு ஏற்ப யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் திருத்தலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஐந்தாவது, ஒப்படைப்புக் கொள்கை: எந்த நேரம், எந்த அறை, யார் யார் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஒரு பக்கம். இந்த முயற்சியின் முடிவுகளைப் பின்னர் ஆய்வாக வெளியிடும் எண்ணம் இருந்தால், தொடங்கும் முன்பே நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பியுங்கள். முடிந்த பிறகு கேட்கும் அனுமதி செல்லாது என்று சொல்லிவிடக்கூடும்.

6. செலவைக் கணக்கிடுங்கள்

விற்பனையாளர் தரும் விலைப்பட்டியலில் உரிமக் கட்டணம் பெரிய எழுத்தில் இருக்கும். மொத்தச் செலவில் அது ஒரு பகுதிதான். உங்கள் பதிவேட்டோடு இணைக்கும் வேலைக்குத் தனிக் கட்டணம் உண்டு. உங்கள் பதிவேட்டு நிறுவனமும் தன் பக்கத்து வேலைக்கு வேறாகக் கட்டணம் கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஆண்டுப் பராமரிப்பு, வார்டுக்கு ஒரு கூடுதல் கணினியோ டேப்லெட்டோ, அச்சுப்பொறி, வலுவான வைஃபை, மின்தடையில் ஓடும் யூ.பி.எஸ். ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த விலைப்பட்டியலிலும் இல்லாத செலவு மருத்துவர்களின் நேரம். 40 மருத்துவர்களுக்கு ஆளுக்கு 3 மணி நேரப் பயிற்சி என்றால் 120 மணி நேரம். அந்த நேரத்தில் வார்டைப் பார்க்க மாற்று ஆள் வேண்டும். இதைக் குறிப்பில் எழுதிக் கேட்காவிட்டால், பயிற்சி இரவுப் பணி முடிந்து தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்களுக்கு நடத்தப்படும்.

உரிமம் ஒரு பயனருக்கு இவ்வளவு என்றால், இளநிலை மருத்துவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறுகிறார்கள் என்பதைச் சொல்லி, படுக்கை எண்ணிக்கை அடிப்படையில் பேசுங்கள். பல ஆண்டு ஒப்பந்தத்துக்கு முன் மூன்று மாதச் சோதனைக் காலம் கேளுங்கள். கொடுக்க மறுப்பவரிடம் நான் வாங்க மாட்டேன்.

7. திரையைச் சிறியதாக வடிவமையுங்கள்

எங்கள் முதல் முயற்சி நின்றுபோனதற்குக் காரணம் திரைதான். ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டியதைச் சேர்க்கச் சொன்னதில், ஒரு நோயாளிக்கு 22 கட்டங்கள் வந்துவிட்டன. முதல் வாரம் எல்லோரும் நிரப்பினார்கள். இரண்டாம் வாரம் புள்ளி வைத்துக் கடந்தார்கள். மூன்றாம் வாரம் மடித்த தாள் திரும்பி வந்தது.

இரண்டாம் முறை ஒரு விதி வைத்தோம். கணினிக்கு ஏற்கெனவே தெரிந்த எதையும் மருத்துவர் எழுதக் கூடாது. பெயர், வயது, பதிவு எண், படுக்கை, ஒவ்வாமை, மருந்துகள், கடைசி ஆய்வக முடிவுகள், உயிர்க்குறிகள் ஆகியவை தாமாக வர வேண்டும். மருத்துவர் எழுதுவது நான்கே கட்டங்கள்: தீவிரம், சுருக்கம், வேலைகள், முன்யோசனை. தீவிரம் என்பது மூன்றில் ஒன்றைத் தேர்வு செய்வது: நிலையானவர், கண்காணிக்க வேண்டியவர், நிலையற்றவர். நடுவில் உள்ளது மிக முக்கியம். இன்னும் மோசமாகவில்லை, ஆனால் ஏதோ சரியில்லை என்று அனுபவம் சொல்லும் நோயாளி அந்த இடத்தில்தான் வருவார்.

ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும், அது கடைசியாக யாரால், எப்போது திருத்தப்பட்டது என்பது தெரிய வேண்டும். மென்பொருளில் மிகப் பெரிய அபாயம் நேற்றைய குறிப்பு இன்றும் அப்படியே இருப்பது. நேற்றைக்கு "நாளை ஸ்கேன்" என்று எழுதியது இன்றும் "நாளை ஸ்கேன்" என்றே இருக்கும். ஸ்கேன் முடிந்து முடிவும் வந்திருக்கும். எனவே 'நாளை', 'இன்று' என்ற சொற்களுக்குப் பதில் தேதி எழுதுவதை விதியாக்குங்கள். 24 மணி நேரம் தொடப்படாத சுருக்கம் நிறம் மாறித் தெரியும்படி அமைக்கச் சொல்லுங்கள். முந்தைய நாள் குறிப்பை ஒரே பொத்தானில் அப்படியே படியெடுக்கும் வசதி இருந்தால், அதை மூடிவிடச் சொல்லுங்கள். விற்பனையாளர் அதைச் சிறப்பு அம்சமாகக் காட்டுவார், ஏமாறாதீர்கள்.

வேலைப் பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கும் நேரமும் பொறுப்பாளரும் இருக்க வேண்டும், முடித்ததும் குறியிட வேண்டும், குறியிட்டது உடனே அழியாமல் அடுத்த பணிமாற்றம் வரை நிற்க வேண்டும். "செய்தாகிவிட்டது" என்பதும் காலையில் வருகிறவருக்கு ஒரு தகவல்தான்.

8. பட்டியல் சரியாக நிரம்புகிறதா என்று சோதியுங்கள்

மருத்துவமனையின் சேர்க்கைப் பிரிவில் நோயாளி சேரும்போதும், படுக்கை மாறும்போதும், வீடு திரும்பும்போதும் கணினிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்கின்றன. எச்.எல்.7 எனப்படும் தரநிலையில் சேர்க்கைக்கு ஏ01, இடமாற்றத்துக்கு ஏ02, வெளியேற்றத்துக்கு ஏ03 என்று குறியீடுகள் உண்டு. புதிய அமைப்புகளில் 'ஃபயர்' என்று உச்சரிக்கப்படும் எஃப்.எச்.ஐ.ஆர். தரநிலையும் பயன்படுகிறது. இந்தக் குறியீடுகளை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம், "ஏ02 வந்தால் எங்கள் பட்டியலில் எத்தனை நிமிடத்தில் தெரியும்?" என்று கேட்டால், நீங்கள் விவரம் தெரிந்து பேசுகிறீர்கள் என்று புரிந்துகொண்டு நேராகப் பதில் சொல்வார்கள்.

அந்தச் செய்தி எவ்வளவு விரைவாக வந்தாலும், ஒருவர் கணினியில் இடமாற்றத்தைப் பதிவு செய்தால்தான் அது கிளம்பும். எங்கள் வார்டில் நோயாளியை முதலில் நகர்த்திவிட்டு, வேலை ஓய்ந்த பிறகு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் பதிவு செய்வது வழக்கமாக இருந்தது. 14ஆம் படுக்கைக் கதை மென்பொருளோடும் அப்படியே நடந்திருக்கும். நகர்த்துவதும் பதிவு செய்வதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்று செவிலியர் குழுவோடு பேசி ஒத்துக்கொண்ட பிறகுதான் பட்டியல் நம்பத்தகுந்ததாக ஆயிற்று. அதற்கு மேலும், படுக்கை எண்ணை ஒருபோதும் அடையாளமாக எடுக்காமல், பெயர், பதிவு எண் ஆகிய இரண்டையும் சேர்த்தே சொல்வது விதியாயிற்று.

போலி நோயாளிகளை உருவாக்கி இந்தச் சூழல்களைச் சோதித்துப் பாருங்கள்: ஒரே பெயரில் இருவர் ஒரே வார்டில், இன்னும் பெயரிடப்படாத குழந்தை, அடையாளம் தெரியாமல் கொண்டுவரப்பட்டவர், நள்ளிரவில் படுக்கை மாறியவர், தவறுதலாக இரண்டு பதிவு எண் பெற்று பின்னர் ஒன்றாக இணைக்கப்பட்டவர், ஒரு துறையின் நோயாளியாக இருந்துகொண்டு இடமில்லாததால் வேறு துறையின் வார்டில் படுத்திருப்பவர். கடைசியில் சொன்னவர்தான் அடிக்கடி எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போவார். பட்டியல் வார்டைப் பொறுத்தா, சிகிச்சையளிக்கும் குழுவைப் பொறுத்தா என்று கேளுங்கள்; இரண்டு வகையாகவும் பார்க்க முடிய வேண்டும்.

9. பேசும் பழக்கத்துக்குப் பயிற்சி கொடுங்கள்

எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதற்கு அரை மணி நேரம் போதும். மீதி நேரம் முழுக்க, இருவர் இருவராக உட்கார்ந்து ஒப்படைப்பை நடித்துப் பார்க்க வேண்டும். ஏற்பவர் திருப்பிச் சொல்வது முதலில் எல்லோருக்கும் கூச்சமாக இருக்கும், "நான் சொன்னது புரியவில்லையா?" என்று மூத்தவர் கேட்டால் இளையவர் அதற்கு மேல் வாய் திறக்க மாட்டார். எனவே துறைத் தலைவரே ஏற்பவராக உட்கார்ந்து, "நான் புரிந்துகொண்டது சரியா பாருங்கள்: 9 மணிக்கு எக்ஸ்ரே, 90க்குக் கீழே போனால் தீவிர சிகிச்சைப் பிரிவை அழைக்க வேண்டும்" என்று இளையவரிடம் சொல்லிக் காட்டட்டும். எங்கள் துறைத் தலைவர் அதை ஒரு முறை செய்தார். அடுத்த நாளிலிருந்து கூச்சம் போயிற்று.

திரையில் எல்லாம் இருக்கிறதே என்று நேர்ப் பேச்சை விட்டுவிடும் ஆபத்து உண்டு. இருவரும் ஒரே திரையைப் பார்த்தபடி, அவசர அழைப்பைத் தவிர வேறு குறுக்கீடு இல்லாமல், நிலையற்றவர்களில் தொடங்கிப் பேச வேண்டும். கேள்வி கேட்க இடம் இருக்க வேண்டும்.

10. ஒரே வார்டில் தொடங்குங்கள்

20 முதல் 30 படுக்கை உள்ள ஒரு வார்டு, நான்கு முதல் ஆறு வாரம். புதிய இளநிலை மருத்துவர்கள் சேரும் மாதத்திலும், நீண்ட விடுமுறை வாரத்திலும் தொடங்காதீர்கள். திங்கட்கிழமையும் வேண்டாம், வார இறுதியில் சேர்ந்தவர்களால் வார்டு நிரம்பியிருக்கும். செவ்வாய் அல்லது புதன் காலை நல்லது. முதல் ஐந்து நாள் குழுவில் ஒருவர் ஒவ்வொரு பணிமாற்றத்திலும், இரவிலும்கூட, நேரில் இருக்க வேண்டும். பழைய தாளையும் புதிய திரையையும் பக்கம்பக்கமாக வைத்துக்கொள்ளும் காலம் ஒரு வாரத்துக்கு மேல் நீளக் கூடாது. நீண்டால் தாள்தான் வெல்லும்.

11. மென்பொருள் நின்றுபோகும் இரவுக்குத் தயாராகுங்கள்

சர்வர் ஒரு நாள் நிற்கும். பணிமாற்றத்துக்கு அரை மணி நேரம் முன்பு பட்டியலின் ஒரு படி தானாக வார்டுக் கணினியில் சேமிக்கப்படும்படி ஏற்பாடு செய்யுங்கள். அதே ஐந்து பகுதிகள் அச்சிட்ட வெற்றுப் படிவங்கள் ஒரு கட்டு, எல்லோருக்கும் தெரிந்த இழுப்பறையில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அந்தப் படிவத்தில் ஒரு மாலை ஒப்படைப்பை வேண்டுமென்றே நடத்திப் பாருங்கள். அச்சிட்ட தாள்களில் அச்சான நேரம் பெரிதாகத் தெரிய வேண்டும், பணி முடிந்ததும் அவை துண்டாக்கும் இயந்திரத்துக்குப் போக வேண்டும். உணவகத்து மேசையில் நோயாளிகளின் பெயரோடு கிடந்த தாளை நானே எடுத்து வந்திருக்கிறேன்.

12. தொடங்கிய பின்னும் அளந்துகொண்டே இருங்கள்

முதல் படியில் எழுதிய அதே ஐந்து விஷயங்களை, வாரத்துக்குச் சில ஒப்படைப்புகளில் மறுபடி எழுதுங்கள். எத்தனை பேர் உள்நுழைந்தார்கள் என்ற எண்ணிக்கையை விற்பனையாளர் அழகான வரைபடமாகத் தருவார். அதைவிட, நீங்கள் ஏதாவது ஐந்து நோயாளிகளை எடுத்து, திரையில் உள்ள சுருக்கத்தையும் கேஸ் ஷீட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் அதிகம் தெரியும். முன்யோசனைக் கட்டம் எத்தனை பேருக்குக் காலியாக உள்ளது என்று தனியாக எண்ணுங்கள்; பழக்கம் தளரும்போது முதலில் காலியாவது அதுதான். இரவு மருத்துவரிடம் காலையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நேற்று இரவு உங்களுக்குச் சொல்லப்படாத எது நடந்தது?" பதிலை அன்றே, யாரையும் குறை சொல்லாமல், மாலைப் பணியினருக்குத் தெரிவியுங்கள்.

பொறுப்பாளராக இருந்த மருத்துவர் மாற்றலாகிப் போகும் மாதத்தில் பெரும்பாலும் இந்த ஏற்பாடு சரியத் தொடங்கும். அவர் போவதற்கு இரண்டு மாதம் முன்பே அடுத்தவரை நியமித்து, கடவுச்சொற்கள், ஒப்பந்த நகல், விற்பனையாளரிடம் நிலுவையில் உள்ள திருத்தங்களின் பட்டியல், அடுத்த உரிமப் புதுப்பிப்புத் தேதி ஆகிய நான்கையும் கொடுத்து, அவர் அவற்றைத் திருப்பிச் சொல்லும்படி கேளுங்கள்.